இருபதாம் மாதத்தில் இருண்ட திரை: டர்பனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வர்த்தில், எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் பெரியம்மா ஒருவர், 2021 நவம்பர் இறுதியில் நடந்த பிளாக் ஃபிரைடே தள்ளுபடி விற்பனையில் 50 அங்குல எல்இடி தொலைக்காட்சி ஒன்றை 8,499 ரான்டுக்கு வாங்கினார். தயாரிப்பாளர் அளித்த வாரண்டி பன்னிரண்டு மாதம். கூடுதல் தொகை கட்டினால் அதை மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்துத் தருவதாக விற்பனையாளர் சொன்னபோது பெரியம்மா வேண்டாமென்று மறுத்துவிட்டார். அந்த மறுப்பு பின்னால் அவருக்கு எதிராகவே பேசப்பட்டது என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

2023 ஜூலையில், அதாவது இருபதாம் மாதத்தில், ஒரு நாள் இரவு தொடர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை ஒரு முறை மினுக்கி இருண்டது. ஒலி நிற்கவில்லை. மறுநாள் காலை என்னை அழைத்து, “சத்தம் கேட்குது தம்பி, ஆளைத்தான் காணோம்” என்றார். மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில் அன்று. ஆனால் நுகர்வோர் முறையீட்டுக் கடிதங்களை எழுதிக் கொடுப்பதற்காக அக்கம்பக்கத்தார் என்னிடம் வருவது வழக்கம். இந்த ஒரு வழக்கில் நாங்கள் எங்கே சரியாக நடந்தோம், எங்கே தவறினோம் என்பதை முழுமையாகப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கடையின் பெயரையும் தயாரிப்பாளரின் பெயரையும் குறிப்பிடவில்லை. ஏனெனில், இறுதியில் எட்டியது கடை தன் பொறுப்பை ஒப்புக்கொள்ளாத உடன்பாடு.

கடை சொன்ன மூன்று பதில்கள்

பெட்டியைக் கடைக்கு எடுத்துச் சென்றபோது, சோதனைக் கட்டணமாக 350 ரான்ட் வாங்கிக்கொண்டு ஒரு வேலைச் சீட்டில் கையொப்பம் பெற்றார்கள். அதில் “வாரண்டி முடிந்தது” என்று அச்சிட்ட கட்டம் டிக் செய்யப்பட்டிருந்தது. பழுதின் அளவை மதிப்பிடுவதற்கே கட்டணம் கேட்பதானால், அத்தொகையை முன்கூட்டியே சொல்லி வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கூறுகிறது. அவர்கள் சொன்னார்கள், பெரியம்மாவும் ஒப்பினார், ஆகவே அதில் குறை காண இடமில்லை.

பத்து நாளுக்குப் பின் வந்த பதில் மூன்று பகுதிகளைக் கொண்டிருந்தது. வாரண்டி முடிந்து எட்டு மாதமாகிவிட்டது என்பது முதலாவது. அந்த ஆண்டு நாடு முழுவதும் ஆறாம் கட்டம் வரை கடுமையாகிப் போன லோட் ஷெட்டிங்கில், அதாவது பகுதி பகுதியாக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாட்டில், மின்சாரம் நின்று திரும்பும்போது பாயும் மிகை மின்னழுத்தமே காரணமாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. நீட்டித்த வாரண்டியை வாடிக்கையாளரே மறுத்தார் என்பது மூன்றாவது. சரிசெய்ய 2,650 ரான்ட் ஆகும் என்றும் குறித்திருந்தார்கள்.

இந்த மூன்றில் இரண்டாவது பதில்தான் உண்மையில் எடைபோட வேண்டியது. மற்ற இரண்டும் தாளில் எழுதிய வாக்குறுதியைப் பற்றியவை. இது மட்டுமே பொருளைப் பற்றியது. டர்பனில் பழுதாகும் மின்சாதனம் எதுவானாலும் பழி லோட் ஷெட்டிங் மேல் விழுவது அக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. பல வேளைகளில் அது நியாயமான பழியாகவும் இருந்தது. எனவே அதை வெறுமனே மறுக்காமல், பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

பெட்டிக்குள் இருந்தது

ஓவர்போர்ட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் முதலில் செய்தது எளிமையானது. அறையை இருட்டாக்கி, தொலைக்காட்சியை ஓடவிட்டு, கைவிளக்கின் ஒளியைத் திரைமீது சாய்வாகப் பாய்ச்சினார். விளக்கு பட்ட இடத்தில் மட்டும் மங்கலாகப் படம் ஓடியது. அப்படியானால் படத்தை உருவாக்கும் பகுதியில் பழுதில்லை, அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்இடி விளக்குகளே அணைந்திருக்கின்றன.

இவ்வகைத் தொலைக்காட்சிகளில் திரைக்குப் பின்னே பல பட்டைகளில் எல்இடிகள் பொருத்தப்பட்டு, தொடர் இணைப்பில் கோக்கப்பட்டிருக்கும். கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் விளக்குச் சரத்தில் ஒரு பல்பு போனால் சரம் முழுவதும் அணைவதைப் போல, இங்கும் ஓர் எல்இடி அறுந்தால் வெளிச்சம் முழுவதும் நின்றுவிடும். மெக்கானிக் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்ததில் ஓர் எல்இடி முற்றிலும் அறுந்திருந்தது. அதே பட்டையில் மேலும் மூன்று பழுப்பேறியிருந்தன. இரண்டின் மேலிருந்த லென்ஸ் மூடிகள் பசை வெந்து கழன்று விழுந்திருந்தன. மின்வழங்கு பலகையில் ஃபியூஸ், மிகை மின்னழுத்தத்தைத் தாங்கும் வாரிஸ்டர், பெரிய வடிகட்டி மின்தேக்கி ஆகியவை நல்ல நிலையில் இருந்தன. மின்கம்பியிலிருந்து மிகை மின்னழுத்தம் பாய்ந்திருந்தால் முதலில் அடிபட வேண்டியவை இவைதான். வாசலில் நின்ற காவலாளிக்கு ஒரு கீறலும் இல்லாதபோது உள்ளறையில் இருப்பவரை வெளியாள் அடித்தார் என்று சொல்வது பொருந்தாது.

வெப்பமே காரணம் என்றார் மெக்கானிக். எல்இடியின் ஆயுள் அது எவ்வளவு சூடாகிறது என்பதைப் பொறுத்தது. அதிக மின்னோட்டம் செலுத்தினால் திரை பளிச்சென்று தெரியும், கடையில் அடுத்தடுத்து வைத்த பெட்டிகளில் அதுவே கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தச் சூட்டை வெளியேற்ற அலுமினியப் பட்டையும் நல்ல ஒட்டுப் பட்டியும் வேண்டும், அவற்றில் சிக்கனம் பிடித்தால் எல்இடி தன் சூட்டிலேயே வேகும். போதாததற்கு, பின்னொளியின் அளவு தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நூற்றுக்கு நூறாக வைக்கப்பட்டிருந்தது. பெரியம்மா அந்த அமைப்பைத் தொட்டதே இல்லை.

பிறகு அவர் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். வழக்கின் முதுகெலும்பு அதுதான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இந்த மாடலுக்குப் புதிய பட்டை மாற்றும்போதெல்லாம், மின்னோட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் மின்தடைகளில் ஒன்றை நீக்கி, மின்னோட்டத்தைக் குறைத்தே அனுப்புவாராம். “இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி என்னிடமே வரும், என் பெயர் கெடும்” என்றார். ஒரு பொருள் நீடித்து உழைக்க வேண்டுமானால் தயாரிப்பாளரின் அளவைக் குறைத்தாக வேண்டும் என்பது பட்டறைக்காரர்களின் அன்றாட அறிவாகிவிட்டது என்றால், குறை தற்செயலாக ஒரு பெட்டியில் நேர்ந்ததன்று, வடிவமைப்பு வரைபடத்திலேயே இருந்தது. அந்த மாடலுக்குரிய பட்டைகள் உதிரிபாகக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைத்ததும் அதையே சொன்னது.

தெருவில் விசாரித்தபோது இதே மாடலை வாங்கிய வேறு இரு வீடுகள் தெரியவந்தன. ஒன்றில் பதினேழாம் மாதத்தில் இதே பழுது வந்து, பட்டைகளை மாற்றியிருந்தார்கள். பழைய பட்டைகள் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போய்விட்டன என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் பதில் எங்களுக்குப் பாடமாயிற்று. பழுதுபார்ப்பவர் கழற்றிய பாகங்களை வேறாக எடுத்து வைத்து, வாடிக்கையாளர் வேண்டாமென்று சொன்னாலன்றி, சுத்தமான உறையிலிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 67-ஆம் பிரிவு விதிக்கிறது. பழைய பாகத்துக்குப் பதில் புதியது போட்டதாகச் சொல்லி ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் இந்த விதி என்று நான் நினைத்திருந்தேன். வாரண்டி முடிந்த பொருளுக்கு இதைவிடப் பெரிய சான்று வேறில்லை என்பது இந்த வழக்கில்தான் புரிந்தது. பெரியம்மாவின் பட்டைகளை, கருகிய எல்இடிகளுடனும் கழன்ற லென்ஸ்களுடனும், ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பெட்டியின் வரிசை எண்ணை மேலே எழுதி வைத்தோம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் படமெடுத்தோம். மெக்கானிக் தன் கண்டறிவை ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். பட்டைகளை மாற்ற அவர் வாங்கியது 1,300 ரான்ட்.

சட்டத்தில் எந்தக் கதவு

என் முதல் கடிதம் தவறான கதவைத் தட்டியது. தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம், பெரும்பாலும் 2011 மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் எல்லோருக்கும் தெரிந்தது 56-ஆம் பிரிவு: பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தரக்குறை தெரிந்தால், பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதை வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். நான் அதையே மேற்கோள் காட்டினேன். இருபதாம் மாதத்தில் அது செல்லாது என்று கடை ஒரே வரியில் பதிலளித்தது, அது சரியான பதிலும்கூட.

ஆறு மாதம் என்பது அந்த எளிய தீர்வுகளுக்கான எல்லை, தரத்துக்கான உரிமையின் எல்லை அன்று. 55-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பொருள் சாதாரணமாகப் பயன்படுத்தப்படும் விதத்தையும் அது வழங்கப்பட்ட சூழ்நிலைகள் அனைத்தையும் கருதிப் பார்க்கையில் நியாயமான காலத்துக்குப் பயன்படத்தக்கதாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அங்கே மாதக் கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. சூழ்நிலைகள் அனைத்தையும் என்ற சொற்றொடர் லோட் ஷெட்டிங் வாதத்தையே திருப்பிப் போடுகிறது. 2021-இல் டர்பனில் தொலைக்காட்சி விற்ற எவருக்கும் மின்சாரம் நின்று நின்று வரும் என்பது தெரியாத செய்தியன்று. அத்தகைய ஊரில் விற்கும் பொருள் அதைத் தாங்க வேண்டும், அல்லது தாங்காது என்று வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது 53-ஆம் பிரிவில் குறைபாடு என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கம். அது இரு கூறுகளைக் கொண்டது. ஒன்று, உற்பத்தியில் நேர்ந்த குறிப்பிடத்தக்க பிழை. மற்றொன்று, மக்கள் நியாயமாக எதிர்பார்க்கும் அளவைவிடப் பொருளைப் பயன் குறைந்ததாகவோ பாதுகாப்புக் குறைந்ததாகவோ ஆக்கும் எந்த இயல்பும். கடைக்காரர்கள் பேசுவதெல்லாம் முதல் கூற்றைப் பற்றியது: எங்கள் தொழிற்சாலையில் தவறு நடக்கவில்லை, பெட்டி வரைபடத்தின்படியே செய்யப்பட்டது என்பார்கள். வடிவமைப்புக் குறைக்குரியது இரண்டாம் கூறு. வரைபடத்தின்படியே செய்யப்பட்டதுதான் இங்கே சிக்கல். குறை மறைந்திருந்ததா வெளிப்படையாக இருந்ததா, வாங்கும்போது கண்டுபிடித்திருக்கலாமா என்பதெல்லாம் பொருட்டல்ல என்றும் 55-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் 55-ஆம் பிரிவு உரிமையைத் தருகிறதே தவிர, ஆறு மாதத்துக்குப் பின் அந்த உரிமை மீறப்பட்டால் என்ன தர வேண்டும் என்று 56-ஆம் பிரிவைப் போலத் தெளிவாகச் சொல்வதில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது, நாடாளுமன்றம் இயற்றாமல் பழைய மரபாலும் தீர்ப்புகளாலும் வளர்ந்த ரோம-டச்சுப் பொதுச்சட்டம். நுகர்வோர் சட்டம் பொதுச்சட்ட உரிமைகளைப் பறிப்பதாகப் பொருள் கொள்ளக் கூடாது என்று 2-ஆம் பிரிவே கூறுகிறது. 56-ஆம் பிரிவின் தர உறுதியும் பொதுச்சட்டத்தின் உறுதிக்கும் தாளில் எழுதிய வாரண்டிக்கும் மேலதிகமானதே ஒழிய அவற்றுக்கு மாற்றானதன்று. பொதுச்சட்டத்தின்படி, விற்பனையின்போதே உள்ளே மறைந்திருந்த குறை பொருளின் பயனைக் கணிசமாகக் கெடுக்குமானால், வாங்கியவர் விற்பனையை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது பொருளை வைத்துக்கொண்டு விலைக் குறைப்புக் கேட்கலாம்.

மறைந்த குறைக்கு இலக்கணம் வகுத்த தீர்ப்பாக இன்றும் காட்டப்படுவது 1977-ஆம் ஆண்டின் ஹோம்டீன் செங்கல் சூளை வழக்கு. சுவர் எழுப்பிய பிறகே அச்செங்கற்கள் உதிரத் தொடங்கின. சுவர்களை இடித்துக் கட்டிய செலவுக்கும் சூளையே பொறுப்பு என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். விற்ற நாளில் செங்கல் முழுதாகத்தான் இருந்தது, ஆனால் உதிரப்போகும் தன்மை அன்றைக்கே அதற்குள் இருந்தது. எங்கள் எல்இடி பட்டைக்கும் அதுவே கதை என்று கடிதத்தில் எழுதியபோது, சட்டம் படித்த நண்பர் ஒருவர் சிரித்துவிட்டு, பிறகு அப்படியே இருக்கட்டும் என்றார்.

இந்த வழியில் சுமை வாங்கியவர் மேல் விழுகிறது. குறை விற்பனை நாளிலேயே இருந்தது என்று அவரே காட்ட வேண்டும். பிஸ்கட் டின்னும், மெக்கானிக்கின் ஒரு பக்கமும், பக்கத்து வீட்டின் பதினேழாம் மாதமும் அதற்காகவே தேவைப்பட்டன. காலவரம்பு மூன்று ஆண்டு. கண்டறிந்த நாளிலிருந்து எண்ணலாமா என்ற வாதத்துக்குள் போகாமல், பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணி 2024 நவம்பருக்குள் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

பிற வழிகளை விரைவாகவே ஒதுக்கினோம். 61-ஆம் பிரிவு பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விநியோகிப்பவர், கடைக்காரர் அனைவரையும் பொறுப்பாக்குகிறது, ஆனால் இங்கே தீங்கு எதுவும் வெளியே பரவவில்லை. 60-ஆம் பிரிவின்படி பொருளைத் திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் ஆபத்தான பொருளைப் பற்றியது, இருண்ட திரை யாரையும் எரிக்காது.

தயாரிப்பாளர்கள் தாமாகவே ஒப்புக்கொண்ட நிகழ்வுகளும் உண்டு என்பதைக் கடிதத்தில் ஒரு பத்தியில் சேர்த்தோம். எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியில் சிவப்பு வளையம் தோன்றிச் செயலிழக்கும் கோளாறுக்காக மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் வாரண்டியை மூன்றாண்டாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஆப்பிள் தன் பட்டாம்பூச்சி வகை விசைப்பலகைக்கு 2018-இல், வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுவரை இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தது. வாரண்டி முடிந்த நாளோடு பொறுப்பு முடிகிறது என்பது தொழில்துறையே எப்போதும் கடைப்பிடிக்கும் விதி அன்று என்று காட்டவே இவற்றைச் சேர்த்தேன். கடை இதற்குப் பதிலே எழுதவில்லை, எழுத வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை.

குறைகேள் அலுவலகமும் சிறுவழக்கு மன்றமும்

நுகர்வோர் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, மற்ற வழிகளை முயன்ற பிறகே சாதாரண நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிற வகையில் எழுதப்பட்டுள்ளதால், முதலில், வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே சமரசம் பேசும் நுகர்பொருள் மற்றும் சேவைத் துறைக்கான குறைகேள் அலுவலகத்தில் முறையிட்டோம். அதற்குக் கட்டணமில்லை. ஆனால் அதன் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. கடை தன் முந்தைய மூன்று பதில்களையே மீண்டும் அனுப்பியது, சமரசம் ஏற்படாமல் கோப்பு முடிந்தது. வீணான வேலை என்று பெரியம்மா சலித்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லோட் ஷெட்டிங்தான் காரணம் என்பதற்குக் கடையிடம் எந்தச் சோதனை அறிக்கையும் இல்லை என்பது அங்கேதான் எழுத்தில் பதிவாயிற்று.

அடுத்தது சிறுவழக்கு நீதிமன்றம். 2019 ஏப்ரலிலிருந்து 20,000 ரான்டுவரையான கோரிக்கைகளை அது ஏற்கிறது. வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. நிறுவனங்கள் அங்கே வழக்குத் தொடுக்க முடியாது, ஆனால் அவற்றின் மீது தொடுக்கலாம். முதலில் பதினான்கு நாள் அவகாசம் தந்து கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். இம்முறை 56-ஆம் பிரிவை ஓரத்தில்கூடக் குறிப்பிடவில்லை. கேட்டது விலைக் குறைப்பாக 1,300 ரான்டும் சோதனைக் கட்டணம் 350 ரான்டும், ஆக 1,650 ரான்ட். முழு விலையையும் கேட்கலாமே என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள். பெட்டி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் பெட்டிக்கு முழு விலையையும் கேட்பது, அங்கே நீதிபதியின் இடத்தில் அமர்ந்து விசாரிக்கும் ஆணையரின் முகத்தைச் சுளிக்க வைக்கும் என்பது என் கணிப்பு.

2024 பிப்ரவரியில் ஒரு மாலை விசாரணை. பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் வரும், ஆனால் பதற்றத்தில் தமிழுக்குத் தாவிவிடுவார். அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லி மதிக்கிறது, அதனால் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் காத்திருப்பார் என்று பொருளில்லை. எனவே சொல்ல வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆணையர் அந்தப் பக்கத்தைவிட டின்னையே அதிகம் பார்த்தார். கருகிய எல்இடியைக் காட்டி, மின்வழங்கு பலகை சேதமில்லாதபோது இது எப்படி மிகை மின்னழுத்தத்தால் நேர்ந்திருக்கும் என்று கடை மேலாளரிடம் கேட்டார். நீட்டித்த வாரண்டியை வாடிக்கையாளர் மறுத்தார் என்று மேலாளர் தொடங்கியபோது, சட்டம் ஏற்கெனவே தருவதைக் காசு கொடுத்து வாங்காதவர் அதைத் துறந்தவராக ஆகமாட்டார் என்பதைப் பெரியம்மா தம் சொற்களில், “இருக்கிறதை எதுக்கு மறுபடி வாங்கணும்?” என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டார். சில நிமிட இடைவேளையில், தாழ்வாரத்திலேயே, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் 1,650 ரான்ட் தருவதாக மேலாளர் ஒத்துக்கொண்டார். பதினொரு நாளில் பணம் வந்தது.

தீர்ப்பு எழுதப்படவில்லை. சிறுவழக்கு மன்றத்தின் முடிவு எழுதப்பட்டிருந்தாலும் முன்னுதாரணமாகாது. எனவே அதே கடையில் அதே மாடலை வாங்கிய அடுத்தவர் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு குழுவின் நலனுக்காகவும் ஒருவர் முறையிடலாம் என்று சட்டத்தின் 4-ஆம் பிரிவு அனுமதித்தும், மூன்று வீடுகளையும் சேர்த்து முறையிட முடியாமல் போனதற்குக் காரணம் நானே. பக்கத்து வீட்டில் சான்று குப்பைக்குப் போனதை அறிந்தபோது, மூன்றாவது வீட்டுக்காரரிடம் பெட்டியைத் திறந்து பார்க்கும்படி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்த மூன்றாவது பெட்டி 2024 ஏப்ரலில், அதன் இருபத்தொன்பதாம் மாதத்தில் இருண்டது. வீட்டுக்காரர் மறுநாளே வந்தார். கையில் ரசீதும், மெக்கானிக்குக்கு எழுதிய சீட்டும் இருந்தன. கழற்றும் பட்டைகளை எறிய வேண்டாம் என்று சீட்டில் எழுதியிருந்தது.